சமயமாற்றத்தின் சொற்களும் செயற்கை நுண்ணறிவின் அறச்சிக்கல்களும்: தமிழ்ப் பண்பாட்டுச் சூழலில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சமயமாற்றம் என்பது நம்பிக்கையின் மாற்றம் மட்டுமன்று. சொற்களின் மாற்றமும் ஆகும். தமிழகத்தில் ஒரு சமயம் புதிதாக வேரூன்றிய ஒவ்வொரு காலத்தும் இறைவன், வழிபாடு, மறைநூல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் தேர்ந்தும் திருத்தியும் மறுத்தும் ஏற்கப்பட்டன. அச்சொல்லாக்க வரலாற்றின் விளைவான நூல்கள் இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்குப் பயிற்சித் தரவாக அமைகின்றன. இதனால் எழும் பொருட்குறுக்கம், சமயச் சார்பு, அடையாள ஊகம், பொறுப்பின்மை ஆகிய நான்கு அறச்சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழாய்வாளர் ஆற்றத்தக்க பணிகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சமயமாற்றம், சமயச் சொல்லாக்கம், விவிலிய மொழிபெயர்ப்பு, அயோத்திதாசர், செயற்கை நுண்ணறிவு, தரவு அறம்.

1. முன்னுரை

ஒருவர் ஒரு சமயத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் மட்டும் வழங்கவில்லை. ‘மதம் மாறினார்’ என்பது வெளியிலிருந்து நோக்குவோர் கூற்று. ‘வேதத்தில் சேர்ந்தார்’ என்பது பழைய கிறித்தவ வழக்கு. ‘இரட்சிக்கப்பட்டார்’ என்பது சீர்திருத்தச் சபையாரின் சொல். ‘இசுலாத்தைத் தழுவினார்’, ‘பௌத்தம் ஏற்றார்’, ‘தீக்கை பெற்றார்’, ‘தாய்மதம் திரும்பினார்’ என்பன அவ்வச் சமயத்தாரும் இயக்கத்தாரும் ஆள்வன. ஒரே நிகழ்வைக் குறிப்பினும் இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. யார் பேசுகிறார், எங்கு நின்று பேசுகிறார், அச்செயலை மதிக்கிறாரா ஐயுறுகிறாரா என்பதெல்லாம் சொல்லிலேயே அடங்கியுள்ளன.

மொழிபெயர்ப்பு, சுருக்கம், வினாவிடை ஆகிய பணிகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மேற்கொள்ளும் இக்காலத்தில், இவ்வேறுபாடுகள் நிலைக்குமா என்னும் வினா எழுகிறது. இவ்வினா மொழியியலோடு முடிவதில்லை. சமயமாற்றம் சட்டம், சாதி, அரசுச் சலுகை, குடும்ப உறவு ஆகியவற்றோடு பிணைந்த நாட்டில் ஒரு சொல்லின் பிழை ஒருவரது வாழ்வைத் தாக்கக்கூடும். ஆகவே, தமிழ்ச் சமயச் சொல்லாக்கத்தின் வரலாற்றை முதலில் நோக்கி, அதன் வெளிச்சத்தில் இன்றைய சிக்கல்களை அணுகுவது பொருத்தமாகும்.

2. சமயமாற்றமும் சொல்தேர்வும்

சமயமாற்றம் ஐரோப்பியர் வருகையோடு தமிழகத்தில் தோன்றியதன்று. சைவம், சமணம், பௌத்தம், ஆசீவகம் முதலியன தம்முள் வாதிட்ட சூழலை மணிமேகலை காட்டுகிறது. சேக்கிழார் கூறும் திருநாவுக்கரசர் வரலாறு சமயமாற்றத்தின் சொல்சார் இயல்பைத் தெளிவாக உணர்த்துவது. மருணீக்கியார் என்னும் பிறப்புப் பெயருடையார் சமணத்தில் தருமசேனர் ஆகிறார். சைவத்திற்கு மீண்டபின் நாவுக்கரசர் ஆகிறார். ஒவ்வொரு நிலையிலும் ஒரு புதுப்பெயர் ஒரு புதிய உறவை அறிவிக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவர் கிறித்தவம் ஏற்றனர். 1530களில் திரளாக நிகழ்ந்த இம்மாற்றத்திற்குக் கடல்வணிகப் போட்டியும் போர்த்துகீசியர் அளித்த பாதுகாப்பும் பின்புலமாயின. திருமுழுக்கு முன்னே நிகழ, சமயக் கல்வி பின்னே வந்தது. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் உள்ளூர் மக்கள் துணையோடு மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து கற்பித்தார். நம்பிக்கை அறிக்கையின் முதற்சொல்லாக ‘நம்புகிறேன்’ எனப் பொருள்தரும் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் அமைந்திருந்ததைப் பின்னர் அறிந்த அவர், அதனை விசுவாசம் என்னும் பொருள்படத் திருத்துமாறு தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். நம்புதலுக்கும் விரும்புதலுக்கும் இடைப்பட்ட இவ்வேறுபாடு சிறிதன்று. ஒரு சமூகம் நாள்தோறும் ஓதிய சொல் அது. பிழையை உணர்ந்த ஒருவரும், திருத்தத்தை ஏற்று நடத்த மற்றொருவரும், அதனை மீண்டும் பயிலும் மக்களும் அங்கு இருந்தனர் என்பது கருதத்தக்கது.

தமிழை முறையாகக் கற்ற அன்றிக்கே அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சிட்டார். 16 பக்கங்கள் கொண்ட இந்நூல் தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூலாகும். இறைவனைக் குறிக்க அவர் தலைப்பில் ஆண்ட ‘தம்பிரான்’ சைவ மரபில் நன்கு வேரூன்றிய சொல். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நொபிலி ‘சர்வேசுரன்’, ‘ஞானஸ்நானம்’, ‘பூசை’, ‘குரு’ போன்ற வடமொழிச் சார்புடைய சொற்களை நிலைநிறுத்தினார். சொல்லோடு உடை, குடுமி, பூணூல் ஆகிய வழக்கங்களையும் ஏற்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதற்கு இசைவளித்தார். எனினும் மலபார்ச் சடங்குகள் பற்றிய வழக்கு நீண்டு, 1744இல் பதினான்காம் பெனடிக்டின் ஆணையால் பல வழக்கங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. பண்பாட்டில் எது சமயம், எது உலகியல் வழக்கம் என்னும் வினாவே அவ்வழக்கின் மையமாகும்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1714–1715இல் அச்சிட்டார். இறைவனைக் குறிக்கும் சொல் அதன்பின் பலமுறை மாறியது. தொடக்கத்தில் ‘சருவேசுரன்’ வழங்க, பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பில் ‘பராபரன்’ இடம்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்ற ஐக்கியத் திருப்புதலில் ‘தேவன்’ வழக்கூன்றியது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்பதை ஆள்கிறது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் சைவத்திலேயே நின்றவர். அச்சையும் பிரசங்கத்தையும் பின்னர்ச் சைவ மறுமலர்ச்சிக்குப் பயன்படுத்தினார். ஒரு சமயத்தின் மொழி மற்றொரு சமயத்தாரின் கைவண்ணத்தாலும் உருவாகும் என்பதற்கு இது சான்று.

3. ஏற்றோரின் உரிமையும் மறுப்பும்

இவ்வரலாற்றைப் போதகர் வரலாறாக மட்டும் காண்பது குறையுடையது. சமயம் மாறியவர்கள் சொற்களைப் பெற்றுக்கொண்டவர்கள் மட்டுமல்லர். அவற்றைக் காத்தவர்களும் எதிர்த்தவர்களும் ஆவர். ரேனியுஸ் மேற்கொண்ட விவிலியத் திருத்தத்தைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வன்மையாக எதிர்த்தார். பப்ரிசியுசின் சொற்களே தம் சபையின் வழிபாட்டிலும் பாடலிலும் கலந்துவிட்டன என்பதால், அவற்றை மாற்றுவது தம் மக்களின் பக்தி வாழ்வைக் குலைக்கும் என அவர் கருதினார். சாதி வழக்கங்களைச் சபைக்குள் தக்கவைக்க வேண்டும் என்னும் நிலைப்பாட்டையும் அவர் உடன்கொண்டிருந்தார். சொல்மரபைக் காக்கும் குரலும் சாதிமரபைக் காக்கும் குரலும் ஒருவரிடமே ஒலித்தமை, சமயமாற்றத்தைப் பண்பாட்டுச் சூழலில் ஆராய்வோர் எளிய தீர்ப்புகளைத் தவிர்க்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

அயோத்திதாச பண்டிதர் மேற்கொண்ட முயற்சி வேறு வகையினது. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அவர், ஒடுக்கப்பட்ட மக்களைப் பூர்வ பௌத்தர் என விளக்கினார். எனவே அவர்கள் பௌத்தம் ஏற்பது புதிய சமயம் புகுவதன்று, இழந்ததை மீட்பது என்பது அவர் துணிபு. 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் சாதிப்பெயர்கள், பண்டிகைகள், தெய்வங்கள், இலக்கியத் தொடர்கள் ஆகியவற்றுக்குப் பௌத்த நோக்கில் அவர் புதுப்பொருள் உரைத்தார். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் பல மொழியியலார்க்கு உடன்பாடானவை அல்ல. ஆயினும் அகராதியே அதிகாரத்தின் களம் என்பதை உணர்ந்து செயற்பட்டவர் அவர். ‘சமயமாற்றம்’ என்னும் சொல்லையே மறுத்து ‘மீட்சி’ என முன்வைத்த அச்சிந்தனையை, மாற்றம் என்னும் பொது வகைமையுள் அடக்கினால் அதன் கருத்தே அழிந்துவிடும்.

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றதும், 1981இல் மீனாட்சிபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் இசுலாம் தழுவியதும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை. மீனாட்சிபுரத்து நிகழ்வைச் சிலர் தூண்டுதலின் விளைவென்றும், ஏற்றோர் மானத்தின் மீட்பென்றும் கூறினர். ரஹ்மத் நகர் என அவர்கள் ஊருக்குச் சூட்டிய பெயரும் ஒரு வாதமே ஆகும்.

4. சமயங்கள் பகிரும் சொற்கள்

பல சமயங்கள் ஒரே மொழியில் வாழும்போது ஒரு சொல் பல வழிபாட்டு மரபுகளின் பொதுச்சொத்தாகிறது. ‘பள்ளி’ சமண, பௌத்தத் துறவியர் உறைவிடம், கல்விக்கூடம், கோயிலில் பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி, இசுலாமியர்க்குப் பள்ளிவாசல். ‘நோன்பு’ சமணர் உண்ணாநிலை, மார்கழிப் பாவை நோன்பு, ரமலான் நோன்பு என விரிகிறது. ‘வேதம்’ வைதிக மரபில் நான்மறையைக் குறிக்கும். தென்மாவட்டப் பேச்சு வழக்கில் ‘வேதக்கோயில்’ என்பது தேவாலயம், ‘வேதக்காரர்’ என்பவர் கிறித்தவர். ‘சாட்சி’ நீதிமன்றத்தில் ஒரு பொருள் தரும். சபைக் கூட்டத்தில் ஒருவர் தம் மனமாற்றத்தை எடுத்துரைப்பதும் சாட்சியே. ‘ஊழியம்’ பொதுவழக்கில் பணி. சீர்திருத்தச் சபையாரிடத்து நற்செய்திப் பணி.

கிறித்தவருள்ளேயே சொல்வேறுபாடு உண்டு. பழைய கத்தோலிக்க வழக்கில் அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் எனப்பட்டோரே சீர்திருத்தச் சபையாரின் நூல்களில் யோவான், பேதுரு, பவுல் எனப்படுகின்றனர். ‘பூசை’ எனப்பட்டது பின்னர்த் ‘திருப்பலி’ ஆயிற்று. ஒரு பனுவலில் எச்சொல் வருகிறது என்பதைக் கொண்டே அதன் காலத்தையும் சபையையும் ஓரளவு உய்த்துணர முடியும். சூழலறிந்த வாசகர்க்கு இது வளம். சூழலறியாக் கருவிக்கு இடர்.

5. சமயநூல்கள் தரவாகும் நிலை

செயற்கை நுண்ணறிவு மொழிக்கருவிகள் பெருந்தொகையான எழுத்துரைகளிலிருந்து சொற்களின் உடனிகழ்வுகளைக் கற்கின்றன. இணையத்தில் எழுத்துவளம் குறைந்த மொழிகளுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் நூல் விவிலியமே. அதிகார, வசன எண்கள் எல்லா மொழிகளிலும் ஒத்திருப்பதால் அது இணைநிலைத் தரவாக எளிதிற் பயன்படுகிறது. 2015இல் நூறு மொழிகளின் விவிலிய இணைத்தரவு ஆய்வுலகிற்கு வழங்கப்பட்டது. 2019இல் யெகோவாவின் சாட்சிகள் வெளியீடுகளிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளுக்கான இணைத்தரவு தொகுக்கப்பட்டது. பதிப்புரிமைச் சிக்கலால் அதன் பொதுப்பயன்பாடு பின்னர் நிறுத்தப்பட்டது. 2023இல் மெட்டா நிறுவனம் வெளியிட்ட பன்மொழிப் பேச்சுத் திட்டம் 1,100க்கு மேற்பட்ட மொழிகளில் ஒலிப்பதிவான புதிய ஏற்பாட்டு வாசிப்புகளை அடிப்படையாகக் கொண்டது. சமயச் சார்பு வெளியீட்டிற் பெரிதும் தோன்றவில்லை எனத் தம் சோதனை காட்டுவதாக அதனை உருவாக்கியோர் கூறினர். அவ்வினாவை அவர்களே எழுப்பியமை சிக்கலின் இருப்பை உறுதிப்படுத்துகிறது.

தமிழ் அத்தகைய வளங்குறைந்த மொழிகளுள் ஒன்றன்று. செய்தி, இலக்கியம், கலைக்களஞ்சியம் எனப் பலவகை எழுத்துகள் அதற்கு உண்டு. எனினும் ஆங்கிலத்தோடு வரிக்கு வரி இணைந்த தமிழ்ப் பனுவல்களுள் விவிலியம் முதன்மையான ஒன்றாகவே உள்ளது. தேவாரத்திற்கோ சீறாப்புராணத்திற்கோ அயோத்திதாசர் கட்டுரைகளுக்கோ அதற்கிணையான பன்மொழி இணைப்பு அமையவில்லை. மாற்றச் சமயத்தின் நூல் தரவுலகில் முதலிடம் பெறுவதும், அச்சமயத்தை ஏற்ற எளிய மக்களின் வாய்மொழிகள் இடம்பெறாதிருப்பதும் ஒருங்கே நிகழ்கின்றன.

6. அறச்சிக்கல்கள்

6.1 பொருட்குறுக்கம்

மொழிக்கருவி மிகுதியாகப் பயின்ற பொருளையே இயல்பாக முன்வைக்கும். ‘வேதக்காரர்’ என்பதை வைதிகர் எனக் கொள்ளுதலும், ‘சாட்சி சொன்னார்’ என்பதை நீதிமன்றச் செய்தியாக்குதலும், இரட்சிப்பு, தழுவல், தீக்கை, மீட்சி ஆகிய அனைத்தையும் ‘மதமாற்றம்’ என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தலும் இதனால் நிகழக்கூடும். இறுதியிற் கூறியதே ஆழமானது. அது பேசுவோரின் நோக்குநிலையை நீக்கி, வெளியிலிருந்து நோக்குவோரின் நிலையை அவர் வாயில் இடுகிறது. சவேரியார் திருத்திய பிழையைக் காட்டிலும் இதனைக் கண்டறிதல் அரிது; இலக்கணம் பிழையின்றி இருப்பதால் வாசகர்க்கு ஐயம் எழாது.

6.2 சமயச் சார்பு

பயிற்சித் தரவின் முன்முடிவுகள் கருவியின் கூற்றுகளாக வெளிப்படும். 2021இல் அபித், ஃபாரூக்கி, சோ ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்று. இரண்டு முசுலிம்கள் ஓரிடத்திற்குள் நுழைந்ததாகத் தொடங்கும் ஆங்கிலத் தொடரை நிறைவு செய்யுமாறு ஜி.பி.டி-3 பணிக்கப்பட்டபோது, 100 விடைகளுள் 66 வன்முறை சார்ந்தனவாய் அமைந்தன. பிற சமயப் பெயர்களை இட்டபோது இவ்வளவு மிகவில்லை. அதன்பின் வந்த கருவிகள் மேம்பட்டிருப்பினும், இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே செய்யப்படுகின்றன. தமிழ்ச் சூழலுக்குரிய முன்முடிவுகள் சாதியோடு கலந்தவை. மதம் மாறியோரைப் பணத்திற்கு விலைபோனவராகச் சித்திரிக்கும் வழக்கு அவற்றுள் ஒன்று. ஆங்கிலச் சோதனைகள் இவற்றைக் காட்டா.

6.3 அடையாள ஊகம்

சவரிமுத்து, அருளப்பன், இராயப்பன் போன்ற பெயர்கள் சமயத்தைப் புலப்படுத்தலாம். தமிழில் அவ்வாறு புலப்படுத்தாத பெயர்களும் மிகப் பல. பெயர், ஊர், சொல்லாட்சி ஆகியவற்றைக் கொண்டு ஒருவரது சமயத்தைக் கருவி ஊகிப்பது தொழில்நுட்ப அளவில் கடினமன்று. அதன் விளைவு கடுமையானது. 1950ஆம் ஆண்டின் அரசமைப்புப் பட்டியல் சாதிகள் ஆணையின்படி இந்துக்களும், 1956 முதல் சீக்கியரும், 1990 முதல் பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கப்படுவர். கிறித்தவம் ஏற்ற ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். இதனால் ஆவணத்தில் ஒரு சமயமும் வழிபாட்டில் மற்றொன்றுமாக வாழ்வோர் உளர். ஒருவரது பெயரையோ அவர் பகிர்ந்த பாடலையோ கொண்டு சமயத்தை ஊகிக்கும் கருவி, அவர் வெளியிட விரும்பாத ஒன்றை வெளியிடுவதோடு கல்வியையும் வேலையையும் இழக்கச் செய்யலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் சமய நம்பிக்கையைத் தனிக் காப்புக்குரிய தகவலாக வகைப்படுத்துகின்றன. 2024ஆம் ஆண்டின் அதன் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் உடற்கூற்று அடையாளங்களிலிருந்து சமயத்தை உய்த்துணரும் வகைப்படுத்தலைத் தடை செய்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஆயினும் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சமயத் தகவலைத் தனிவகையாகப் பிரித்துக் காக்கவில்லை. சமயமாற்றத்திற்கு முன்னறிவிப்பு கோரும் சட்டங்கள் சில மாநிலங்களில் நடைமுறையில் இருக்கையில் இவ்விடைவெளி பொருட்படுத்தத்தக்கது.

6.4 பொறுப்பு

சமயமாற்றத்தின் அறம் நெடுங்காலமாக ஒரு வினாவைச் சுற்றியே நிற்கிறது: ஏற்றவர் தாமே தெளிந்து ஏற்றாரா? 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சமயத்தைப் பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையை உள்ளடக்காது எனக் கூறியபோதும் மனச்சான்றின் உரிமையே பேசுபொருளாயிற்று. ஒருவரது துயரையும் தனிமையையும் உரையாடலின் வழி அறிந்து, அவருக்கேற்பச் சொல்லமைக்கும் கருவி சமயத்தைப் பரப்பவோ பழிக்கவோ பயன்பட்டால், தூண்டுதலுக்கும் தெளிவுக்கும் இடைப்பட்ட எல்லை மங்கும். 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பொன்று குருவானவர் தோற்றத்தில் வெளியிட்ட உரையாடற் கருவி கடும் எதிர்ப்புக்குள்ளாகி, சில நாள்களிலேயே அத்தோற்றம் நீக்கப்பட்டது. தவறாகக் கற்பித்த போதகரைச் சபை வினவலாம். கருவியின் தவற்றுக்கு விடைசொல்வோர் யாவர் என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

7. தமிழாய்வாளர் ஆற்றத்தக்கன

முதலாவதாக, சமயச் சொற்களுக்குக் காலம், சபை, வட்டாரம், பேசுவோர் நிலை ஆகிய குறிப்புகளோடு கூடிய எண்ணிம அகராதி வேண்டும். ‘வேதம்’ போன்ற ஒவ்வொரு சொல்லின் கீழும் சமயந்தோறும் அமையும் பொருளைச் சான்றுடன் காட்டுதல் அதன் முதற்பணி. இரண்டாவதாக, விவிலியத்திற்கு ஈடாகத் தமிழ்ச் சமண, பௌத்த, சைவ, வைணவ, இசுலாமியப் பனுவல்களுக்கும், அயோத்திதாசர் போன்றோர் எழுத்துகளுக்கும் தரமான இணைமொழிபெயர்ப்புகளை உருவாக்க வேண்டும். மூன்றாவதாக, மொழிக்கருவிகளைத் தமிழிலேயே சோதிக்கும் வினாத்தொகுதிகளைத் தமிழ்த்துறையினரும் கணினித்துறையினரும் இணைந்து வகுத்தல் வேண்டும்; சாதியும் சமயமும் கலக்கும் இடங்களை அவை தனித்து நோக்குதல் இன்றியமையாதது. நான்காவதாக, மனமாற்றச் சாட்சிகளைக் களஆய்வில் தொகுப்போர், அவ்வுரைகள் கருவிகளுக்குத் தரவாகக்கூடும் என்பதைத் தகவலாளர்க்கு விளக்கித் தனி இசைவு பெறுதல் வேண்டும். பெயரை நீக்குவது மட்டும் போதாது, ஊரும் சொல்வழக்கும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

8. முடிவுரை

தமிழ்ச் சமயச் சொல்லாக்கம் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடரும் உரையாடல். தம்பிரான், சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என இறைவன் பெயர் மாறிய ஒவ்வோரிடத்தும் ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் மறுக்க, மக்கள் பயின்று தேர்ந்தனர். அவ்வுரையாடலின் முடிவுகளைக் கருவிகள் தரவாகப் பெறுகின்றன, உரையாடலைப் பெறுவதில்லை. மறுப்புகளும் திருத்தங்களும் மாற்றுப்பொருள்களும் தரவுக்குள் சான்றுகளோடு இடம்பெறும்போதே, சமயம் மாறியவர் தம் செயலைத் தம் சொல்லாலேயே கூறும் உரிமை காக்கப்படும். அப்பணிக்கு வேண்டிய கல்வெட்டறிவும் இலக்கியப் பயிற்சியும் வழக்காற்றறிவும் தமிழ்த்துறைகளிடமே உள்ளன. ஆதலின் செயற்கை நுண்ணறிவின் அறம் கணினித்துறையின் பொருளாக மட்டும் நின்றுவிடாது, தமிழாய்வின் பொருளாகவும் ஆகவேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.